எட்டில் ஒரு பங்கு

அமெரிக்காவின் வடமேற்குக் கோடியிலுள்ள சியாட்டில் நகரத்தில் 1950-களில் வளர்ந்த சிறுவர்களுக்கு, வீட்டில் மிஞ்சிக் கிடந்த பிளைவுட் துண்டுகளை அறுத்து ஆணியடித்து, கைக்குக் கிடைத்த வர்ணத்தைப் பூசி, தட்டையான ஒரு படகைச் செய்து, அதைச் சைக்கிளின் பின்னால் கயிற்றில் கட்டித் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போவது மகத்தானதொரு விளையாட்டாக இருந்தது. தண்ணீரையே காணாத அந்தப் படகுகளுக்குப் பெயர் தேட வேண்டிய சிரமமும் இருக்கவில்லை. ஊரின் கிழக்கே விரிந்து கிடக்கும் வாஷிங்டன் ஏரியில் கோடைக்காலத்தில் இடிமுழக்கத்தோடு பறந்த ஹைட்ரோபிளேன் என்னும் பந்தயப் படகுகளின் பெயர்களையே அவர்கள் சூட்டிக்கொண்டார்கள். அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்களில் பலர், வயது ஏறிய பின்னும் ஆசை இறங்காதவர்களாய், அதே படகுகளை எட்டில் ஒரு பங்கு அளவில் அச்சுப் பிசகாமல் கட்டி, உள்ளே இயந்திரம் பொருத்தி, கரையில் நின்றபடியே ரேடியோவினால் ஓட்டிப் பந்தயம் விடலானார்கள். இதற்கென்றே ஆர்/சி அன்லிமிடெட்ஸ் என்னும் சங்கம் அந்தப் பிரதேசத்தில் இயங்கிவருகிறது. அருகிலுள்ள கென்ட் என்ற ஊரில், பழைய பெரிய படகுகளைப் பழுது பார்த்துப் பாதுகாக்கும் ஒரு மியூசியமும் இருக்கிறது.

இந்த மாதிரிப் படகுகளை ஓடும்போது மட்டும் பார்க்கிறவர், இது முழுக்க முழுக்க இயந்திரத்தின் வித்தை என்றே எண்ணுவார். கட்டுகிறவருடைய மேஜையைப் போய்ப் பார்த்தால், அங்கே இயந்திரத்துக்குக் கிடைக்கும் மரியாதை சமையலறைத் தராசு ஒன்றுக்கும் கிடைத்திருப்பதைக் காணலாம். கட்டை, பசை, துணி, வர்ணம், திருகாணி என்று படகுக்குள் போகும் ஒவ்வொன்றும் அந்தத் தராசின்மேல் ஏறி இறங்கி, ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதிவான பிறகே படகுக்குள் போகும். எடையைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்பதை அறிய, ஹைட்ரோபிளேன் எப்படி ஓடுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

சாதாரணப் படகு நீரைப் பிளந்துகொண்டு போகிறது. எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவுக்கு நீரும் அதை எதிர்க்கிறது. குளக்கரையில் நின்று ஓட்டாஞ்சில்லைச் சாய்வாக வீசித் தத்தவிட்டவர்களுக்கு இந்த எதிர்ப்பை வெல்லும் உபாயம் தெரியும்: தட்டையான ஒரு பொருள் போதிய வேகத்தோடு சிறு கோணத்தில் நீர்ப்பரப்பை மோதினால், நீர் அதை உள்ளே இழுக்காமல் மேலே தள்ளிவிடும். ஹைட்ரோபிளேனின் முன்பகுதியில் இருபுறமும் ஸ்பான்சன் எனப்படும் இரண்டு மிதவைகள் நீட்டிக்கொண்டிருக்கும். வேகம் பிடித்ததும் படகு இந்த இரண்டு மிதவைகளின் பின் விளிம்புகளிலும், பின்னால் பாதி நீருக்கு மேலும் பாதி நீருக்குள்ளுமாகச் சுழலும் புரொப்பெல்லரிலுமாக, மூன்றே புள்ளிகளில் நீரைத் தொட்டு ஓடும். மற்றப் பகுதி முழுவதும் காற்றில் இருக்கும்.

இந்த அமைப்பின் மூன்று புள்ளி வடிவத்தை 1930-களிலேயே நியூ ஜெர்சியில் படகு கட்டிய ஏப்பல் குடும்பத்தார் பிரசித்தப்படுத்திவிட்டனர் என்றாலும், பின்பக்கத்தையும் நீரிலிருந்து கிளப்பிப் புரொப்பெல்லரின்மேலேயே சவாரி செய்ய வைக்கும் உபாயத்தை உலகம் பிரத்தியட்சமாகக் கண்டது 1950, ஜூன் 26-ஆம் தேதி காலையிலேதான். டெட் ஜோன்ஸ் வரைந்து, ஆங்க்கர் ஜென்சன் கட்டி, ஸ்டான்லி ஸேயர்ஸ் என்ற மோட்டார் வியாபாரி சொந்தமாக வைத்திருந்த ‘ஸ்லோ-மோ-ஷன் 4’ என்ற படகு, அன்று வாஷிங்டன் ஏரியில் மணிக்கு 160 மைல், அதாவது ஏறத்தாழ 258 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. 1939-இல் இங்கிலாந்தில் சர் மால்கம் கேம்பெல் நிறுவியிருந்த உலக சாதனை 141 மைலைச் சற்றே தாண்டியது. பத்து ஆண்டுகளுக்கு மேல் அசையாமலிருந்த அந்த எல்லை ஒரே காலைப்பொழுதில் பதினெட்டு மைலுக்கு மேல் நகர்ந்துபோயிற்று. அதே வருஷம் டெட்ராய்ட்டில் நடந்த கோல்டு கப் பந்தயத்திலும் அது வென்றதனால், வழக்கப்படி அடுத்த வருஷத்துப் பந்தயம் வென்றவருடைய ஊருக்கு வந்து சேர்ந்தது. சியாட்டில் சிறுவர்களின் சைக்கிள்களுக்குப் பின்னால் மரப்படகுகள் முளைத்த காரணம் இதுவே. இந்தப் பெரிய படகுகளில் பொருத்துவதற்கு, யுத்தத்தில் விமானங்களுக்காகச் செய்து மிஞ்சிப்போன அல்லிஸன், ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் இயந்திரங்கள் அக்காலத்தில் மலிவாகக் கிடைத்தன. பிற்காலத்தில் சினூக் ஹெலிகாப்டரின் டர்பைன் இயந்திரம் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இப்போது மாதிரிக்கு வருவோம். ஏறக்குறைய ஒன்பது மீட்டர் நீளமுள்ள பெரிய படகை எட்டில் ஒரு பங்காக்கினால் நீளம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக வரும். ஆனால் நீளத்தைப் போலவே எடையும் எட்டில் ஒரு பங்காகும் என்று எண்ணுவது தவறு. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் எட்டில் ஒன்றாகும்போது பரப்பளவு 64-இல் ஒன்றாகிறது. கன அளவும் அதனோடு எடையும் 512-இல் ஒன்றாகின்றன. இன்றைய டர்பைன் படகுகளுக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச எடை 6,750 பவுண்டு, அதாவது மூன்று டன்னுக்குச் சற்று மேல். அதை 512-ஆல் வகுத்தால் மாதிரியின் எடை ஆறு கிலோகிராம் என்று கணக்கு சொல்லும்.

வேகத்துக்கும் இப்படியொரு கணக்கு உண்டு. கப்பல்களின் மாதிரிகளைத் தொட்டியில் இழுத்துச் சோதிக்கும் முறையை 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கி என்ற ஊரில் நிலைநாட்டிய வில்லியம் ஃப்ரூட் என்னும் மேதை, மாதிரியின் வேகத்தை நீளத்தின் வர்க்கமூலத்தைக் கொண்டு ஒப்பிட வேண்டும் என்று காட்டினார். எட்டின் வர்க்கமூலம் 2.83. ஆகவே மணிக்கு 320 கிலோமீட்டரில் பறக்கும் பெரிய படகுக்கு ஈடாக, மாதிரி 113 கிலோமீட்டரில் போனால் போதும். அந்த வேகத்தில் மாதிரி எழுப்பும் நீர்த்தாரையும் படகின் துள்ளலும் திருப்பத்தில் சாயும் சாய்வும் பெரியதனுடையவற்றை உரித்து வைத்தாற்போல் இருக்கும்.

இந்தக் கணக்கு கண்ணுக்கு அழகாயிருப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. படகின் உடலுக்கு அடியில் புகும் காற்று, விமானத்தின் இறக்கையைத் தூக்குவது போலவே இதையும் தூக்குகிறது. அந்தத் தூக்குவிசை பரப்பளவையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. ஆறு கிலோ மாதிரி 113 கிலோமீட்டரில் போகும்போது, அதன் எடைக்கும் அதைத் தூக்கும் காற்றுக்கும் உள்ள விகிதம், பெரிய படகுக்கு 320 கிலோமீட்டரில் இருப்பதற்குச் சரியாக ஒத்திருக்கும். அதே மாதிரியை ஒருவர் மிகுந்த சாமர்த்தியத்தோடு நாலு கிலோவில் கட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த அபாயகரமான விகிதம் அவருக்கு 92 கிலோமீட்டரிலேயே வந்துவிடும். எடையைக் குறைக்கக் குறைக்க வேகம் கூடும் என்பது பாதி உண்மை. குறைத்துக்கொண்டே போனால் ஓர் எல்லைக்கு அப்பால் படகு ஓடுவதை விட்டுப் பறக்கத் தொடங்கிவிடும்.

பறத்தல் என்றால் உபசாரமாகச் சொல்வதல்ல. மூக்கு சற்றே தூக்கியதும் காற்று அடியில் இன்னும் அதிகமாகப் புகும். அது மூக்கை மேலும் தூக்கும். அரைக் கணத்தில் படகு செங்குத்தாக நின்று பின்னோக்கி மல்லாந்து விழும். பெரிய படகுகளின் சரித்திரத்தில் இது துக்ககரமான அத்தியாயம். மால்கம் கேம்பெலின் மகன் டொனால்டு கேம்பெல், 1967 ஜனவரி 4-ஆம் தேதி இங்கிலாந்தின் கானிஸ்டன் ஏரியில் இவ்விதமே உயிரிழந்தார். அறுபதுக்கு மேற்பட்ட பந்தயங்களை வென்ற பில் மன்ஸி 1981 அக்டோபரில் மெக்ஸிகோவின் அகாபுல்கோவில் இவ்விதமே மாண்டார். ஓட்டுபவரை முழுவதும் மூடிக் காக்கும், போர்விமானத்தினுடையதைப் போன்ற கூண்டு 1980-களின் நடுவில் வந்ததற்கு இத்தகைய மரணங்களே காரணம். மாதிரிப் படகில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. ஓராண்டு மாலைப்பொழுதுகளின் உழைப்புதான் மல்லாக்க விழுகிறது.

ஆகவே கட்டுகிறவருடைய வேலை இரண்டு வகைப்படும். தேவையில்லாத இடத்தில் எடையைச் சேர்க்காதிருப்பது ஒன்று. சேர்ந்த எடை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கும்படி செய்வது மற்றொன்று. முதலாவது பொறுமையினால் ஆகும். இரண்டாவதற்குப் புத்தி வேண்டும்.

மரத்திலிருந்து ஆரம்பிப்போம். படகின் எலும்புக்கூடாகிய குறுக்குச் சட்டங்களைப் பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட்டில் அறுக்கிறார்கள். உறுதியான மரம், ஆனால் கனம். சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ நிற்கும். சட்டங்கள் எல்லாம் சேர்ந்து சதுர மீட்டரில் ஏழில் ஒரு பங்கு பிடிக்கிறது என்று கொண்டாலும் முந்நூறு கிராம் ஆகிறது. அவற்றின் நடுவே பெரிய துவாரங்களை வெட்டிப் பாதி மரத்தை எடுத்துவிட்டால் நூற்றைம்பது கிராம் லாபம். மேல்தளத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பிளைவுட் போட்டால் நானூறு கிராம், 0.8 மில்லிமீட்டர் போட்டால் இருநூற்றுச் சில்லறை. ஈக்வடாரிலிருந்து வரும் பால்ஸா மரம் பிர்ச்சின் எடையில் நாலில் ஒரு பங்குகூட இராது. மோதல் இல்லாத இடங்களில் அதைத் தாராளமாகப் பிரயோகிக்கலாம். ஆனால் எடைக் குறைப்பில் மோகம் கொண்டவர்கள் செய்கிற பிழை, ஸ்பான்சன்களின் அடிப்பலகையிலும் கைவைப்பதுதான். நீர் முழு வேகத்தோடு வந்து அறைவது அங்கேதான். அந்த வேகத்தில் நீர் கல்லுக்குச் சமானம். அங்கே மிச்சம் பிடித்த முப்பது கிராமுக்காகப் பந்தயத்தின் நடுவில் பலகை பிய்ந்துபோவதை எவ்விதத்திலும் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

மரத்தைவிடத் திருட்டுத்தனமாகச் சேர்வது பசையும் வர்ணமும். உள்ளே தண்ணீர் ஊறாமலிருக்க எப்பாக்ஸி பூச வேண்டும். வெளியே மெல்லிய கண்ணாடி இழைத் துணியை ஒட்டி, அதன்மேலும் எப்பாக்ஸி பூச வேண்டும். அத்துணி சதுர மீட்டருக்கு 25 கிராம்தான், கையில் எடுத்தால் இருப்பதே தெரியாது. ஆனால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு எப்பாக்ஸி அதிகமாக நின்றுவிட்டால் அதுவே 110 கிராம். அதனால் அனுபவசாலிகள் எப்பாக்ஸியை ஊற்றிப் பரப்பியதும், பழைய அட்டை ஒன்றை எடுத்து, துணியின் நெசவு மட்டும் நனைந்து பளபளப்பு மறையும் வரையில் மிச்சத்தையெல்லாம் வழித்து எறிந்துவிடுவார்கள். விலை கொடுத்து வாங்கிய பொருளை இப்படி வழித்து எறிய முதலில் யாருக்கும் மனம் வராது. வர்ணத்திலும் இதே கதை: மேடுபள்ளத்தை மறைக்கப் பூசிய அடிப்பூச்சில் பெரும்பகுதி, உப்புத்தாளில் தேய்ந்து தூளாகித் தரையில் கிடக்க வேண்டும்; படகின்மேல் தங்கிவிடக் கூடாது.

இனி, எடை இருக்கும் இடத்தைப் பற்றி. ஈர்ப்பு மையம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த விஷயம் இங்கே உயிர்பெற்று எழுந்து நிற்கிறது. இரண்டு தராசுகளை எடுத்துக்கொண்டு, ஸ்பான்சன்களின் பின் விளிம்புகள் ஒன்றின்மேலும், புரொப்பெல்லர் இருக்குமிடம் மற்றொன்றின்மேலும் நிற்கும்படி படகை வைத்துப் பார்ப்பது சுலபமான பரீட்சை. இரண்டுக்கும் இடையே 48 சென்டிமீட்டர் இருக்கட்டும். ஆறு கிலோ படகில் முன்தராசு நாலரைக் கிலோவும் பின்தராசு ஒன்றரைக் கிலோவும் காட்டினால், ஈர்ப்பு மையம் ஸ்பான்சன் விளிம்பிலிருந்து 12 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது என்று பொருள். பின்தராசு 1.8 கிலோ காட்டினால் அது 14.4 சென்டிமீட்டருக்குப் போய்விட்டது. இந்த 2.4 சென்டிமீட்டரில் ஒரு படகின் சுபாவமே மாறிவிடும். மையம் அளவுக்கு மிஞ்சிப் பின்னால் போனால் மூக்கு லேசாகி, முன்னே சொன்ன மல்லாத்தலுக்கு நேர்வழியாகிவிடும். முன்னால் வந்தால் ஸ்பான்சன்கள் நீரை உழுதுகொண்டு, படகு வேகமெடுக்காமல் திணறும். திருப்பத்தில் ஒரு பக்க ஸ்பான்சன் திடீரென்று கவ்விப்பிடித்துப் படகைக் குட்டிக்கரணம் போட வைத்தாலும் வைக்கும்.

மாதிரியில் இந்த மையத்தைக் காப்பாற்றுவதற்குப் பெரிய எதிரி அழகு. டர்பைன் காலத்துப் படகுகளின் பின்புறத்தில் இரண்டு செங்குத்துத் தூண்களின்மேல் அகலமான ஓர் இறக்கை நிற்கும். அது இல்லாவிட்டால் படகு அந்தப் படகாகவே தோன்றாது. அந்த இறக்கையைச் சற்றுத் தாராளமாகச் செய்துவிட்டதால் மையத்துக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் அறுபது கிராம் அதிகமாகிவிட்டது என்று கொள்வோம். அதைச் சரிக்கட்ட, மையத்துக்கு 45 சென்டிமீட்டர் முன்னால், மூக்குக்கு அருகே, நாற்பது கிராம் ஈயத்தை வைக்க வேண்டும். அறுபது கிராமில் தொடங்கிய பிழை நூறு கிராமில் முடிகிறது. பின்னால் நூறு கிராம் என்றால் முன்னாலும் அதற்கேற்ப. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் இறக்கையைப் பால்ஸாவிலோ நுரைக்கட்டியிலோ அறுத்து, மெல்லிய துணியால் போர்த்துவிடுகிறார்கள். ஓட்டுநர் பொம்மையின் தலையையும் தோளையும் மட்டும் செய்து, உள்ளேயும் குடைந்துவிடுகிறார்கள். கூண்டுக்குள்ளே தெரியாத கால்களை நுணுக்கமாகச் செதுக்கி வைத்த ஒரு படகைப் பாராட்டலாம். அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பாராட்டுவது உத்தமம்.

கனமான சாமான்களையெல்லாம் மையத்துக்கு அருகிலேயே நெருக்கி வைப்பது இன்னொரு நியதி. இரண்டு கோடிகளிலும் எடையைப் பிரித்து வைத்தாலும் தராசு சமமாகவே காட்டும். ஆனால் அலையில் ஒருமுறை மூக்கு ஆடத் தொடங்கினால் அந்த ஆட்டம் அடங்கக் காலம் பிடிக்கும். மெதனாலும் நைட்ரோமீதேனும் எண்ணெயும் கலந்த திரவத்தில் ஓடும் சிறு இயந்திரங்களில் எரிபொருளும் ஒரு பிரச்சினை. அரை லிட்டர் கலவை அரைக் கிலோவுக்குச் சற்றே குறைவு. அது ஓட ஓடத் தீர்ந்துகொண்டே போகும். தொட்டி மையத்துக்குப் பத்து சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், தொட்டி காலியாகும்போது மையம் ஏறத்தாழ முக்கால் சென்டிமீட்டர் பின்னால் நழுவியிருக்கும். முதல் சுற்றில் சாதுவாக ஓடிய படகு, எடையும் குறைந்து மூக்கும் லேசான நிலையில் கடைசிச் சுற்றில் மல்லாந்தால், பார்ப்பவர்கள் காற்றைக் குறை கூறுவார்கள். தொட்டியை மையத்தின்மேலேயே வைத்திருந்தால் காற்று பிழைத்திருக்கும். மின்சாரத்தில் ஓடுகிற படகுகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. லித்தியம் பேட்டரி தீர்ந்தாலும் எடை குறைவதில்லை. மேலும், ஒரு கிலோ எடையுள்ள பேட்டரித் தொகுதியை மூன்று சென்டிமீட்டர் முன்னே தள்ளினால் முழுப் படகின் மையமும் அரை சென்டிமீட்டர் முன்னே வரும் என்பதால், ஈயமே இல்லாமல் காரியம் முடிந்துவிடுகிறது. மின்சாரப் படகில் அந்த எரிபொருள் வாசனையும் சத்தமும் இல்லையே என்று பழைய கைகள் வருந்துவதும் நியாயமே.

யாரும் நோட்டில் எழுதாத எடை ஒன்றும் உண்டு. அது உள்ளே புகுந்துவிடும் தண்ணீர். நூறு மில்லிலிட்டர் நீர் நூறு கிராம்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. திருகாணி நூறு கிராம் இருந்தால் வைத்த இடத்தில் இருக்கும்; நீரோ, படகு பாய்ந்து கிளம்பும் வேளையில் கூட்டமாகப் பின்பக்கம் ஓடி, மூக்கு லேசாக இருக்கக் கூடாத அந்தச் சமயத்திலேயே அதை லேசாக்கிவிடும். படகு கவிழ்ந்தால் மூழ்காமலிருக்க, உள்ளேயுள்ள வெற்றிடங்களில் நுரைக்கட்டியை அடைத்து வைப்பார்கள். மூன்று லிட்டர் நுரை நூறு கிராம்கூட நிற்காது. ஆனால் மூன்று கிலோவை மிதக்க வைக்கும். எடையைப் பற்றிய இத்தனை கஞ்சத்தனத்துக்கு நடுவே, யோசனையின்றிச் செலவழிக்கத் தக்க நூறு கிராம் அது.

இவ்வளவும் செய்து முடித்துப் படகைத் தராசில் ஏற்றும்போது, எண்ணிய எடைக்கு முந்நூறு நானூறு கிராம் குறைவாக வந்தால் அது தோல்வியென்று அனுபவமில்லாதவர் நினைக்கலாம். அதை வெகுமதியாகவே கருத வேண்டும். தானாகச் சேர்ந்த எடை, பின்னால் வர்ணத்திலும் மூலையில் வழிந்த பசையிலும் இறக்கையிலுமாக, தனக்குப் பிடித்த இடங்களில் உட்கார்ந்துகொண்டிருக்கும். அதை எடுக்கவும் முடியாது, நகர்த்தவும் முடியாது. குறைவாகக் கட்டியவர் வேண்டிய அளவு ஈயத் தகட்டை வெட்டி, தாழ்வான இடத்தில், மையத்துக்கு முன்னோ பின்னோ, இடமோ வலமோ, தாம் விரும்பிய இடத்தில் தற்காலிகமாக ஒட்டி, ஏரியில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம். திருப்தியில்லாவிட்டால் பெயர்த்து இரண்டு விரல் தள்ளி ஒட்டி, மறுபடி ஓட்டலாம். அன்றைக்குக் காற்று பலமாக வீசினால் மூக்கில் இன்னும் ஐம்பது கிராம் சேர்த்துக்கொண்டு, காற்று ஓய்ந்ததும் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம்.